இறால் குட்டைப் பெட்டியும் அதன் பாஸ்வேர்டும்

போன ஞாயிற்றுக்கிழமை, இறால் குட்டைகளைக் கவனிக்கும் பண்ணைப் பெட்டியின் மெமரி கார்டைக் கழற்றி என் லேப்டாப்பில் செருகி, முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை பாஸ்வேர்டைத் தேடினேன். 32 ஜிபி கார்டைத் தேடி முடிக்க 7 நிமிஷம் ஆனது. ஓர் இடத்தில்கூட இல்லை. அதே கார்டை வீட்டில் கிடந்த இன்னொரு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் போட்டு கரண்ட் கொடுத்தேன். லினக்ஸ் பூட் ஆனது, தகவல் அனுப்பும் சர்வீஸ் மட்டும் கிளம்பவில்லை. கார்டு வேறு கைக்குப் போனால் அது கிளம்பாமல் இருக்க வேண்டும் என்றுதான் நாலு மாதமாகப் பாடுபட்டேன். அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

பண்ணை தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் மண்பாதையில் இருக்கிறது. நாலு குட்டைகள், எல்லாம் வனாமி இறால். ஒவ்வொரு குட்டையிலும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க ஒரு சென்சார், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்களை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு ரிலே போர்டு, இவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு ராஸ்பெர்ரி பை 3பி பிளஸ், இனி சுருக்கமாகப் பை. அது நெட்டுக்கான யுஎஸ்பி டாங்கிள் வழியாக, எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறையில், அளவுகளை வாடகைச் சர்வரில் ஓடும் மாஸ்கிட்டோ புரோக்கருக்கு, அதாவது செய்திகளை வாங்கி உரியவருக்குக் கொடுக்கும் புரோகிராமுக்கு, அனுப்பும். அங்கிருந்து பண்ணைக்காரர் பாயின் போனுக்குப் போகும். அவர் போனிலிருந்தே ஏரேட்டரைப் போடவும் நிறுத்தவும் முடியும். அதனால்தான் பெட்டி புரோக்கருக்குள் நுழையும் பாஸ்வேர்டு முக்கியம். விடிகாலை 3 மணிக்கு மேல் ஆக்சிஜன் தானாகவே இறங்கும் நேரம். அப்போது யாரோ ஒருவர் எங்கிருந்தோ ஏரேட்டரை நிறுத்தினால் விடிவதற்குள் குட்டை காலி.

ஆடி மாதம் ஒரு நாள் பெட்டி பேச்சை நிறுத்தியது. மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால் பெட்டி இருக்கிறது, பை இருக்கிறது, கார்டு இல்லை. காவலுக்கு இருக்கும் அண்ணனிடம் கேட்டேன். "கரண்ட் போயி பொட்டி அணைஞ்சு கெடந்துச்சு தம்பி. வீணாப் போச்சுன்னு நெனச்சேன். மருமகன் போனுக்கு கார்டு கேட்டுக்கிட்டே இருந்தான், எடுத்துக் குடுத்துட்டேன்" என்றார். போன் அந்தக் கார்டைப் பார்த்து ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறது, பையனும் செய்துவிட்டான். அவன் நல்ல பிள்ளை, ஒரு கெடுதலும் நடக்கவில்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கார்டில் பாஸ்வேர்டு பச்சையாகக் கிடந்தது. நான் பார்த்துக்கொள்ளும் மூன்று பண்ணைக்கும் ஒரே பாஸ்வேர்டு.

முதலில் நான் எப்படி வைத்திருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் ஃபைலில் என்விரான்மென்ட் வரியிலேயே பாஸ்வேர்டை எழுதியிருந்தேன். பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். பெட்டியில் கணக்கு இருக்கும் யார் வேண்டுமானாலும், ரூட் என்ற நிர்வாகி ஆகாமலே, சிஸ்டம்சிடிஎல் ஷோ என்று அடித்தால் அந்த வரி அப்படியே திரையில் வரும். அந்த சர்வீஸ் தொடங்கும் துணை புரோகிராம்களுக்கும் அது கூடவே போகும். பேக்கப்பாக வைத்திருந்த பழைய கார்டு ஒன்றை எடுத்து முழுவதும் தேடிப் பார்த்தேன். மூன்று இடத்தில் கிடைத்தது. சர்வீஸ் ஃபைல் ஒன்று. எடிட்டர் விட்டுப்போன பழைய நகல் இன்னொன்று. மூன்றாவதைத்தான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் பிழை தேடும்போது அமைப்புகளை எல்லாம் அச்சிடச் சொல்லி பைதானில் ஒரு வரி போட்டிருந்தேன். அது லினக்ஸ் நடப்பதை எழுதி வைக்கும் ஜர்னல் பதிவில் போய் உட்கார்ந்திருந்தது. யாராவது இதைச் செய்து பார்க்க நினைத்தால், தேடும் சொல்லைக் கட்டளையில் நேராக அடிக்காதீர்கள். அது ஷெல்லின் வரலாற்றில், அதாவது அடித்த கட்டளைகளின் பட்டியலில், தங்கிவிடும். ஒரு ஃபைலில் எழுதி, அந்த ஃபைலைப் பார்த்துத் தேடச் சொல்லுங்கள், தேடி முடித்ததும் அதை அழித்துவிடுங்கள்.

அன்றே மூன்று பண்ணைக்கும் தனித்தனிப் பயனர், தனித்தனி பாஸ்வேர்டு என்று மாற்றினேன். ஒவ்வொரு பயனருக்கும் அவரவர் பண்ணையின் செய்தித் தலைப்புகளில் மட்டும் எழுதவும் படிக்கவும் அனுமதி. இது புரோக்கர் பக்கம் அரை மணி நேர வேலை. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பழைய பாஸ்வேர்டைக் கார்டிலிருந்து அழித்துவிட்டு அதையே தொடர்வதிலும் பயன் இல்லை. ஃபிளாஷ் மெமரியில் அழித்தது உடனே மறையாது.

அடுத்த யோசனை, பூட் ஆகும்போதே கொடுத்துவிடலாம் என்பது. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில், சர்வீஸுக்கு ரகசியத்தைக் கொடுக்க கிரெடென்ஷியல் என்று ஒரு வசதி இருக்கிறது. 247-ஆம் பதிப்பில் வந்தது, அதைப் பூட்டி, அதாவது என்கிரிப்ட் செய்து, வைக்கும் வசதி 250-இல் சேர்ந்தது. என் பெட்டிகளில் ஓடும் புக்வார்ம் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் 252. கெர்னல் கட்டளை வரியிலேயே ஒரு கிரெடென்ஷியலைச் சேர்க்க முடியும் என்று படித்ததும், பூட் பகுதியில் இருக்கும் கட்டளை வரி ஃபைலில் பாஸ்வேர்டைச் சேர்த்து ஓட்டினேன். ஓடியது. பத்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் சாதாரணப் பயனராக நுழைந்து, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கட்டளை வரியைப் பார்த்தேன். பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும்படி அங்கே நிற்கிறது. பூட் பகுதி ஃபேட் வடிவம் வேறு, விண்டோஸ் லேப்டாப்பில் செருகினாலே திறக்கும், அதில் அனுமதி என்ற பேச்சே கிடையாது. இருந்ததைவிட மோசம். எடுத்துவிட்டேன். நேர மண்டலம், மொழி மாதிரி யார் பார்த்தாலும் பரவாயில்லை என்ற அமைப்புகளுக்கு அந்த வழி போதும், ரகசியத்துக்கு ஆகாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். புது புரோக்கர் அமைப்பை வீட்டில் கேவிஎம் மெய்நிகர் கணினியில் ஒத்திகை பார்த்தேன். அங்கே இதே வசதி மிக அழகாக வேலை செய்கிறது. கணினியை எழுப்பும்போது, அதை ஓட்டும் க்யூஇஎம்யூ மென்பொருளிடம், எஸ்எம்பயாஸ் என்ற வன்பொருள் தகவல் அட்டவணையின் 11-ஆம் வகை எழுத்துச் சரமாகவோ ஃபர்ம்வேர் கான்ஃபிக் வழியாகவோ கிரெடென்ஷியலைக் கொடுத்தால் உள்ளே சிஸ்டம்டி எடுத்துக்கொள்கிறது. ரூட்டாகத் தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவியைக்கூட இப்படியே உள்ளே அனுப்பினேன், டிஸ்க் இமேஜைத் தொடவே இல்லை. சரத்தை நேராகக் கட்டளையில் எழுதினால் வெளிக் கணினியின் புரோசஸ் பட்டியலில் அது தெரியும். அதனால் ரகசியமாக இருந்தால் ஃபைலிலிருந்து படிக்கச் சொல்லும் வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். மூன்றாவது முயற்சி பூட்டிய கிரெடென்ஷியல். சிஸ்டம்டி-கிரெட்ஸ் என்ற கருவி பாஸ்வேர்டை வாங்கி, ஏஇஎஸ் 256 முறையில் பூட்டி ஒரு ஃபைலாகத் தரும். அதை ஈடிசிக்குள் இருக்கும் கிரெட்ஸ்டோர்.என்கிரிப்டட் ஃபோல்டரில் வைத்து, சர்வீஸ் ஃபைலில் லோட்கிரெடென்ஷியல்என்கிரிப்டட் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சர்வீஸ் தொடங்கும்போது சிஸ்டம்டி அதைத் திறந்து, ஸ்வாப்புக்கு, அதாவது நினைவகம் போதாதபோது கார்டில் எழுதும் இடத்துக்கு, போகாத நினைவகத்தில், அந்த சர்வீஸின் பயனர் மட்டும் படிக்கும்படி ஒரு ஃபைலாக வைக்கும். எங்கே வைத்தது என்பதை கிரெடென்ஷியல்ஸ் டைரக்டரி என்ற மாறியில் சொல்லும். சர்வீஸ் நின்றதும் ஃபைல் மறைந்துவிடும். பைதானில் மாற்ற வேண்டியிருந்தது நாலு வரி.

நாலு வரியாக இருந்தாலும் இரண்டு நாள் தின்றது. முதல் நாள் புரோக்கர், அனுமதி இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எக்கோ கட்டளையால் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தேன், அது கடைசியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்து அனுப்பியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் எழுத்துக்கு ஒரு நாள். இப்போது சிஸ்டம்டி-ஆஸ்க்-பாஸ்வேர்டு கருவியைப் புதுவரி சேர்க்காத வகையில் ஓட்டி, அதன் வெளியீட்டை நேராகப் பூட்டும் கருவிக்கு அனுப்புகிறேன். ஷெல் வரலாற்றிலும் எதுவும் தங்குவதில்லை. இரண்டாம் நாள் சர்வீஸ் 243 என்ற எண்ணோடு விழுந்தது. இந்த எண்ணைப் பார்த்தால் கிரெடென்ஷியல் கோளாறு என்று அர்த்தம். பூட்டும்போது ஃபைலுக்கு ஒரு பெயர் வைத்து, அப்புறம் வேறு பெயருக்கு மாற்றியிருந்தேன். பூட்டிய ஃபைலுக்குள்ளேயே அதன் பெயரும் சேர்ந்து பூட்டப்படுகிறது, பெயர் பொருந்தாவிட்டால் திறக்காது. ஒரு சர்வீஸின் ரகசியத்தை இன்னொன்றுக்கு மாற்றி வைத்து ஏமாற்றக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. சரியான ஏற்பாடுதான். பெயரைக் கொடுத்தே பூட்டினேன், ஓடியது.

ஆவணி கடைசியில் வேலை முடிந்தது என்று நினைத்து, கார்டைக் கழற்றி முழுவதும் தேடினேன். பாஸ்வேர்டு எங்கும் இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் ஏமாந்திருப்பேன். ஏதோ தோன்றி அதே கார்டை வீட்டில் இருந்த இன்னொரு பையில் போட்டேன். பூட் ஆனது, கிரெடென்ஷியல் திறந்தது, புரோக்கரோடு பேச ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாவிகளைத் தனக்குள்ளேயே காக்கும் டிபிஎம் என்ற சிப் இல்லாத கணினியில், பூட்டப் பயன்படும் சாவி ஒரு ஃபைலாக வார்-லிப்-சிஸ்டம்டிக்குள் கிடக்கிறது, பெயர் கிரெடென்ஷியல்.சீக்ரெட். பூட்டும் சாவியும் ஒரே கார்டில். கார்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இன்னொரு தப்பும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு பெட்டியின் கார்டை அப்படியே நகல் எடுத்துத்தான் மற்ற இரண்டு பெட்டிக்கும் போட்டிருந்தேன், மூன்றுக்கும் ஒரே சாவி. நகல் எடுப்பதற்கு முன் அந்தச் சாவி ஃபைலையும் மெஷின்-ஐடியையும் நீக்கிவிட வேண்டும், ஒவ்வொரு பெட்டியும் முதலில் பூட் ஆகும்போது மெஷின்-ஐடியையும், முதல் முறை கிரெடென்ஷியலைப் பூட்டும்போது சாவியையும் தனக்கென்று புதிதாக உண்டாக்கிக்கொள்ளும்.

ஆகவே சாவி கார்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இன்ஃபினியான் எஸ்எல்பி9670 சிப் வைத்த ஒரு சின்ன டிபிஎம் மாட்யூல் வாங்கினேன். கூரியரோடு 2,350 ரூபாய். பையின் பின்களில் நேராகச் செருகலாம். கான்ஃபிக் ஃபைலில், சிப்புகளோடு பேசும் எஸ்பிஐ இணைப்பைத் திறந்துவிட்டு, இந்தச் சிப்பைப் பைக்கு அறிமுகப்படுத்தும் டிபிஎம்-எஸ்எல்பி9670 ஓவர்லே வரியைச் சேர்த்து ரீபூட் செய்தால் டிபிஎம் தெரிய வேண்டும். தெரிந்தது, ஆனால் பெட்டி அளந்துகொண்டிருந்த தண்ணீரின் பிஎச் அளவு காணாமல் போனது. அந்த ஓவர்லே எஸ்பிஐ-யின் இரண்டாவது தேர்வுக் கம்பியை, அதாவது சிஇ1-ஐ, எடுத்துக்கொள்கிறது. பிஎச் சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் என் ஏடிசி சிப்பும் அதே கம்பியில் இருந்தது. ஏடிசியை சிஇ0-வுக்கு மாற்றி ஈயம் வைத்தேன், ஒரு மாலை போனது. டிபிஎம்மோடு பேச உதவும் டிஎஸ்எஸ்2 நூலகங்களையும் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. அப்புறம் கார்டுச் சாவி, டிபிஎம் இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்படி பூட்டினேன். பூட்டும்போது, அளவீட்டுப் பதிவேடுகள் வெறுமையாக இருக்கின்றன என்று ஓர் எச்சரிக்கை வந்தது. உண்மைதான். பை பூட் ஆகும்போது எதையும் அளந்து டிபிஎம்மில் எழுதுவதில்லை. ஆகவே இந்த ஏற்பாடு கார்டு மட்டும் களவு போவதைத் தடுக்கும். பெட்டியையே முழுசாகத் தூக்கிக்கொண்டு போனால் தடுக்காது. அதற்கு புரோக்கரில் அந்தப் பெட்டியின் பயனரை நீக்குவதுதான் வழி, நேரம் பார்த்தேன், 2 நிமிஷம்.

ஸ்வாப்பையும் நிறுத்தினேன். சிஸ்டம்டி தரும் ஃபைல் ஸ்வாப்புக்குப் போகாது, ஆனால் அதைப் படித்து வைத்திருக்கும் என் பைதான் நிரலின் நினைவகம் போகலாம். ஸ்வாப் இருப்பதோ அதே கார்டில்.

புரட்டாசியில் பண்ணையில் மாட்டினேன். ஒரு மாதம் எந்தக் குறையும் இல்லை. ஐப்பசியில் வாடைக் காற்று பிடித்தது. எங்கள் கரை கிழக்கைப் பார்த்தது, வாடை நேராகக் கடலிலிருந்து ஏறி வரும். துணியைக் காயப் போட்டால் கையில் உப்புப் பிசுபிசுக்கும். அறுவடைக்கு 20 நாள் இருக்கும்போது, இரண்டு நாள் மூட்டமாக இருந்து மழை பெய்த ஒரு விடிகாலை 4 மணிக்குக் காவல்கார அண்ணன் போன் செய்தார். "தம்பி, ஒரு ஏரேட்டரும் ஓடல. எறாலு மேல வந்து நிக்குது." ரிலேயை விட்டுவிட்டுக் கை ஸ்விட்ச்சைப் போடச் சொன்னேன். போட்டார். விடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஓரத்தில் செத்து ஒதுங்கிய இறாலை வலையால் அள்ளிக்கொண்டிருந்தார். 15 கிலோ இருக்கும்.

பெட்டியைத் திறந்தால் டிபிஎம் மாட்யூலின் கால்களில் பச்சை பூத்திருந்தது. இரவு கரண்ட் போய் வந்தபோது பை பூட் ஆகியிருக்கிறது, டிபிஎம் தெரியவில்லை, கிரெடென்ஷியல் திறக்கவில்லை, சர்வீஸ் 243 என்று விழுந்திருக்கிறது. விழுந்தால் திரும்பத் தொடங்கு என்று சொல்லியிருந்தேன், ஆனால் இடைவெளி கொடுக்கவில்லை. ஒரு விநாடிக்குள் ஐந்து முறை முயன்று பார்த்துவிட்டு சிஸ்டம்டி கைவிட்டுவிட்டது. நான் செய்த பெரிய தப்பு இது எதுவும் இல்லை. ஆக்சிஜனைப் பார்த்து ஏரேட்டரைப் போடும் வேலையும், தகவலை அனுப்பும் வேலையும் ஒரே சர்வீஸில் இருந்தன. பாஸ்வேர்டு கிடைக்கவில்லை என்று இரண்டும் சேர்ந்து நின்றன.

பாய் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஏன் தம்பி, பாஸ்வேர்டு இல்லேன்னா எறாலுக்கு மூச்சு இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை வைத்துத்தான் எல்லாவற்றையும் திரும்பப் பிரித்துக் கட்டினேன்.

இப்போது இரண்டு சர்வீஸ். ஒன்று சென்சாரைப் படிக்கும், ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் எல்லா ஏரேட்டரையும் ஓட்டும். அதற்கு எந்த ரகசியமும் தேவையில்லை, நெட்டும் தேவையில்லை. இன்னொன்று அளவுகளை அனுப்பும், பாயின் கட்டளையை வாங்கி முதல் சர்வீஸிடம் கொடுக்கும். கிரெடென்ஷியல் இதற்கு மட்டும். ஆக்சிஜன் குறைவாக இருக்கும்போது வெளியிலிருந்து நிறுத்தச் சொல்லிக் கட்டளை வந்தால், சரியான பாஸ்வேர்டோடு வந்தாலும், முதல் சர்வீஸ் கேட்காது. திரும்பத் தொடங்கும் இடைவெளியை 30 விநாடி ஆக்கினேன், இனி அது கைவிடாது. ரிலேயில் கம்பியை மாற்றி, சாதாரண நிலையில் மூடியிருக்கும் முனைக்குக் கொண்டுபோனேன். பை செத்தாலும் ஏரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் பில் கூடும், இறால் பிழைக்கும்.

மாட்யூலை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, செருகுவதை விட்டுவிட்டு நேராக ஈயம் வைத்துவிட்டேன். மேலே, ஈரம் படாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே இரண்டு பூச்சு, பூச்சுக்கு நடுவில் 40 நிமிஷம் காயவிட்டேன். பெட்டியின் கம்பி ஓட்டைகளை இறுக்கி அடைக்க நாலு கேபிள் கிளாண்ட். ஆல்கஹால் 180, ஸ்ப்ரே 620, கிளாண்ட் 140, மாட்யூலோடு சேர்த்து ஒரு பெட்டிக்கு 3,290 ரூபாய். ஸ்ப்ரே மூன்று பெட்டிக்கும் வரும்.

இன்னொரு முறை தொடங்கினால் வரிசையை மாற்றுவேன். முதலில் சர்வீஸைப் பிரிப்பேன், ரிலே முனையை மாற்றுவேன், அப்புறம் பண்ணைக்கு ஒரு பாஸ்வேர்டு, கடைசியில்தான் டிபிஎம். மாட்யூலை வாங்கிய அன்றே ஈயம் வைத்து கோட்டிங் அடிப்பேன். டிபிஎம் செத்தால் பூட்டியதைத் திறக்க வழி இல்லை என்பதால் மூலப் பாஸ்வேர்டுகளை வீட்டில் தாளில் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அப்படியே ஒன்று செத்தாலும் புது பாஸ்வேர்டு போட்டு, புது மாட்யூலில் பூட்டிக்கொள்ள ஒரு மணி நேரம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை முடிந்து கார்டைத் திரும்ப மாட்டப் போனபோது காவல்கார அண்ணனும் கூட வந்து நின்றார். பெட்டி மூடியின் உள்பக்கம் "கரண்ட் போய் அணைந்திருந்தாலும் இது வீணாய்ப் போன பெட்டி இல்லை, கார்டைக் கழற்ற வேண்டாம்" என்று எழுதி ஒட்டினேன். மருமகனுக்கு ஒரு 64 ஜிபி கார்டு வாங்கிப் போயிருந்தேன், அதையும் அவரிடம் கொடுத்தேன். திருப்பாலைக்குடி பக்கம் இருக்கும் இரண்டாவது பண்ணைக்கு மாட்யூல் வந்துவிட்டது, நாளைக்கு ஈயம் வைக்க வேண்டும்.